உடன்பிறந்தானும் அரசாணையும்: ஆன்டிகனி முதல் பெங்களூரு மத்தியச் சிறை வரை

கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பகை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. மகன் தாயைக் கொல்கிறான். தந்தை மகளைப் பலி கொடுக்கிறான். அண்ணனும் தம்பியும் ஒருவர் வாளுக்கு ஒருவர் இரையாகிறார்கள். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் டயோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த விழாவில், ஏதென்ஸ் நகரம் இப்படிப்பட்ட கதைகளை ஆயிரக்கணக்கான குடிமக்கள் முன்னிலையில் நடித்துக் காட்டியது. அந்தச் சண்டை வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. நகரத்தின் சட்டம் உள்ளே நுழைகிறது. உறவை மதிப்பவர் சட்டத்தை மீற வேண்டும், சட்டத்தை மதிப்பவர் உறவைக் கைவிட வேண்டும் என்ற நிலை வருகிறது. இந்த நெருக்கடியை மிகக் கூர்மையாகக் காட்டும் நாடகம் சோஃபக்ளிஸ் கி.மு. 441 வாக்கில் எழுதிய 'ஆன்டிகனி'.

தீப்ஸ் நகரத்தின் அரசன் ஈடிபஸுக்கு இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். தந்தைக்குப் பின் அரியணைக்காக மகன்கள் மோதுகிறார்கள். எட்டியோக்ளிஸ் நகரத்தைக் காத்து நிற்கிறான். பாலினைசஸ் அயல்நாட்டுப் படையோடு வந்து தாக்குகிறான். இருவரும் ஒருவரையொருவர் வெட்டிச் சாகிறார்கள். ஆட்சி கிரியோன் கைக்கு வருகிறது. அவன் ஓர் ஆணை பிறப்பிக்கிறான்: நகரைக் காத்தவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம், நகரைத் தாக்கியவனின் உடலை யாரும் புதைக்கக் கூடாது, அதன் முன் அழவும் கூடாது. நாயும் பருந்தும் தின்னட்டும். மீறினால் கல்லெறிந்து கொலை.

பாலினைசஸின் தங்கை ஆன்டிகனி, ஊருக்கு வெளியே கிடந்த அந்த உடலின் மேல் மண் தூவிச் சடங்கு செய்கிறாள். காவலர்கள் மண்ணைத் தட்டிவிட்ட பிறகு மறுபடியும் போய்ச் செய்கிறாள், பிடிபடுகிறாள். செய்ததை மறைக்கவில்லை. மனிதன் போட்ட ஆணை, எழுதப்படாத தெய்வச் சட்டங்களுக்கு மேலே போக முடியாது என்று அரசன் முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

தமிழ் வாசகர் இந்தக் கதையின் உறவுமுறையை உடனே பிடித்துக்கொள்வார். கிரியோன் ஆன்டிகனியின் தாய் யொகாஸ்டாவின் உடன்பிறந்தவன், அவளுக்குத் தாய்மாமன். அவனுடைய மகன் ஹீமோனுக்குத்தான் அவளை நிச்சயித்திருக்கிறார்கள். நம் கணக்கில் முறைமாப்பிள்ளை. ஆக, அவளுக்குத் தண்டனை விதிக்கும் அரசு எங்கோ இருக்கும் அந்நிய அதிகாரம் இல்லை. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு முன்நின்று நல்லது செய்ய வேண்டிய மாமனே அரசாக உட்கார்ந்திருக்கிறான். செத்தவனும் அவனுக்கு மருமகன்தான்.

கிரியோனைக் கொடுங்கோலன் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது நாடகத்துக்குச் செய்யும் அநீதி. ஆட்சிக்கு வந்தவுடன் அவன் பேசும் பேச்சில் நியாயம் இருக்கிறது. நாட்டைவிடத் தன் உறவினரைப் பெரிதாக நினைப்பவன் ஆளத் தகுதியற்றவன் என்கிறான். உள்நாட்டுப் போரில் சிக்கித் தப்பிய நகரத்துக்கு இது தேவையான வார்த்தை. தன் மருமகன் என்பதற்காகத் துரோகிக்குச் சலுகை காட்டாத அரசனை எந்த ஊரும் முதலில் மெச்சவே செய்யும். கன்றின் மேல் தேரை ஏற்றிக் கொன்ற சொந்த மகனை அதே தேர்க்காலில் இட்ட திருவாரூர் மனுநீதிச் சோழனை நாம் இன்றும் கொண்டாடுகிறோம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை இருக்கிறது.

அன்றைய ஏதென்ஸின் வழக்கமும் கிரியோன் பக்கம் சாய்கிறது. நாட்டுத் துரோகியை அட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது என்பது அங்கே நடைமுறைச் சட்டம். பாரசீகரைக் கடற்போரில் வென்ற பெருந்தலைவன் தெமிஸ்டோக்ளிஸ், பின்னாளில் துரோகி என்று குற்றம் சாட்டப்பட்டு, பாரசீக அரசனிடமே அடைக்கலம் புகுந்து அங்கே இறந்தான். அவனுடைய எலும்புகளை உறவினர்கள் இரகசியமாக எடுத்துவந்து அட்டிகாவில் புதைத்துவிட்டதாக அந்த உறவினர்களே சொல்லிக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் பதிவு செய்திருக்கிறார். 'ஆன்டிகனி' மேடையேறுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. பார்வையாளர்களுக்கு இந்தக் கதை பழங்காலத்துப் புராணமாக மட்டும் பட்டிருக்காது.

ஆனால் கிரியோன் சட்டம் அனுமதித்த எல்லையையும் தாண்டுகிறான். உடலை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க விட்டிருந்தால் வழக்கம் நிறைவேறியிருக்கும். அவன் எங்குமே புதைக்கக் கூடாது என்கிறான். செத்த உடலை மேலும் ஒரு முறை கொல்ல நினைக்கிறான். இந்த இடத்திலிருந்துதான் நாடகம் அவனைக் கைவிடத் தொடங்குகிறது. ஊரே அந்தப் பெண்ணுக்காக இருட்டில் அழுகிறது, ஒரு மனிதனுக்கு மட்டும் சொந்தமான நகரம் நகரமே இல்லை என்று மகன் ஹீமோன் எடுத்துச் சொல்கிறான். தந்தை கேட்கவில்லை. கல்லெறி தண்டனையை மட்டும் மாற்றுகிறான். அவளைக் குகையில் அடைத்து வாயிலை மூடி, பெயருக்குக் கொஞ்சம் உணவு வைக்கச் சொல்கிறான். அப்படிச் செய்தால் இரத்தப் பழி நகரத்தின் மேல் விழாதாம். கையில் கறைபடாமல் கொல்லும் இந்த ஏற்பாட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குருட்டு ஞானி டைரீசியஸ் எச்சரித்த பிறகு கிரியோன் மனம் மாறிக் கிளம்புகிறான். முதலில் பிணத்தை அடக்கம் செய்துவிட்டுப் பிறகு குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டிருக்கிறாள். ஹீமோன் அவள் அருகிலேயே வாளால் குத்திக்கொள்கிறான். செய்தி கேட்ட அரசி யூரிடிஸியும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். உறவைவிட நாடு பெரிது என்று தொடங்கியவனுக்குக் கடைசியில் மகனும் மனைவியும் மிஞ்சவில்லை.

குலத்திடமிருந்து நகரத்துக்கு

இப்படிப்பட்ட நாடகங்கள் ஏதென்ஸில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த நகரம் குடும்பத்தின் அதிகாரத்தை ஒவ்வொன்றாகத் தன் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோலன் இயற்றிய சட்டங்கள், இழவு வீட்டில் பெண்கள் முகத்தைக் கீறிக்கொண்டு ஒப்பாரி வைப்பதைத் தடுத்தன. கி.மு. 508-இல் கிளைஸ்தனிஸ் பழைய குலப் பிரிவுகளை அரசியலிலிருந்து விலக்கி, குடியிருக்கும் ஊரை அடிப்படையாக வைத்துப் பத்துப் புதிய பிரிவுகளை அமைத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் போரில் இறந்தவர்களின் எலும்புகளையும் அரசே வாங்கிக்கொண்டது. பிரிவுக்கு ஒன்றாகப் பத்துப் பெட்டிகள். உடல் கிடைக்காதவர்களுக்காக வெறுமையான ஒரு பாடை. வீட்டார் சில நாள் காணிக்கை வைக்கலாம், அதன் பிறகு நகரமே அடக்கம் செய்யும். மகனை இழந்த தாய்க்கு அவனுடைய எலும்பைத் தனியாக எடுத்து அழக்கூட இடமில்லை. எட்டியோக்ளிஸுக்குக் கிடைத்த அரசு மரியாதையின் மறுபக்கம் இது.

எஸ்கிலஸ் கி.மு. 458-இல் மேடையேற்றிய 'ஒரெஸ்டியா' முத்தொகுப்பு இந்த மாற்றத்தின் கதையையே சொல்கிறது. அகமெம்னானை மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா கொல்கிறாள். தந்தைக்காக மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். இரத்த உறவைக் கொன்றவர்களைத் துரத்தும் பழிதெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. கணவனைக் கொன்றவளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், அவர்களுக்குள் இரத்த உறவு இல்லை என்கின்றன அந்தத் தெய்வங்கள். திருமண உறவு அவ்வளவு அற்பமா என்று அப்போலோ கேட்கிறான். பிறப்பால் வந்த உறவா, தாலியால் வந்த உறவா, எது கனம் என்ற இந்த வழக்கு இன்றைய இந்தியச் சட்டப் புத்தகத்திலும் தீராமல் கிடக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

ஏதினா தெய்வம் குடிமக்கள் அடங்கிய நீதிமன்றத்தை அமைக்கிறாள். வாக்குகள் சமமாக விழுகின்றன, ஒரெஸ்டஸ் விடுதலையாகிறான். பழிக்குப் பழி என்ற குலநீதி அத்தோடு முடிந்து, நகரத்தின் நீதிமன்றம் தொடங்குகிறது. ஆனால் ஏதினா தோற்ற தெய்வங்களை ஊரைவிட்டு விரட்டவில்லை. நகரத்துக்கு அடியிலேயே அவற்றுக்கு நிரந்தர இடமும் வழிபாடும் தருகிறாள். குடும்பத்தின் குரலைத் தோற்கடித்தாலும் அவமானப்படுத்தக் கூடாது என்ற அறிவு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. கிரியோனுக்கு இல்லாமல் போன அறிவு அது.

சிலப்பதிகாரம் இதே மோதலை வேறு வழியில் தீர்க்கிறது. கண்ணகி தெய்வச் சட்டத்தை எடுத்துக் காட்டுவதில்லை. பாண்டியனின் நீதியை அவன் அவையிலேயே, அவன் விதிப்படியே சோதிக்கிறாள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. நெடுஞ்செழியன் தன் தவற்றை அந்தக் கணமே ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான். தவறு செய்த அரசன் எவ்வளவு விரைவில் அதை ஏற்கிறான் என்பதில் பாண்டியன் கிரியோனைவிடப் பல படி உயர்ந்தவன்.

கன்னடத்துக்கு வந்த கிரேக்கப் பிணங்கள்

மைசூரிலும் பெங்களூரிலும் ஆங்கிலம் கற்பித்த பி. எம். ஸ்ரீகண்டய்யா, சோஃபக்ளிஸின் 'அஜாக்ஸ்' நாடகத்தை மகாபாரத அசுவத்தாமன் மேல் ஏற்றி 1929-இல் 'அஸ்வத்தாமன்' என்று கன்னடத்தில் எழுதினார். மூல நாடகத்தின் பிற்பாதி முழுவதும் ஒரு பிணத்தைப் பற்றிய வழக்கு. தன் தலைவர்களையே கொல்லத் துணிந்து, அவமானத்தில் தற்கொலை செய்துகொண்ட வீரன் அஜாக்ஸைப் புதைக்கக் கூடாது என்கிறார்கள் படைத்தலைவர்கள். தந்தை வழியில் சகோதரனான டியூசர் உடலைக் காத்து நிற்கிறான். இறந்தவனின் பரம எதிரியான ஒடிசியஸ் வந்து, செத்தவனைப் பழிவாங்குவது தெய்வச் சட்டத்துக்கு எதிரானது என்று வாதாடி அடக்கத்துக்கு அனுமதி வாங்கித் தருகிறான்.

அடுத்த தலைமுறையில் பி. லங்கேஷ், 'ஈடிபஸ்', 'ஆன்டிகனி' இரண்டையும் கன்னடத்தில் கொண்டுவந்தார். பி. வி. காரந்த் 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரில் திறந்தவெளியில் 'ஈடிபஸ்' நாடகத்தை இயக்கினார். நவீனக் கன்னட நாடக இயக்கத்தின் பெரிய தொடக்கங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

அதே லங்கேஷ் 1970-இல் ஒரு திரைப்படத்தில் நடித்தார். அவர் ஏற்ற பாத்திரம் நாரணப்பா. கதை நெடுகச் சடங்கு இல்லாமல் கிடக்கும் பிணம் அவனுடையது. யு. ஆர். அனந்தமூர்த்தியின் நாவலை வைத்துப் பட்டாபிராம ரெட்டி இயக்கிய 'சம்ஸ்காரா' அந்தப் படம். சாதி ஆசாரங்களை எல்லாம் மீறி வாழ்ந்த நாரணப்பா கொள்ளை நோயில் இறக்கிறான். அவனுக்கு யார் கொள்ளி வைப்பது என்று அக்கிரகாரம் சாத்திரங்களைப் புரட்டுகிறது. உறவினர்கள் ஒருவர் மேல் ஒருவர் தள்ளுகிறார்கள். அவனோடு வாழ்ந்த சந்திரிக்கு மனைவி என்ற தகுதி எந்தச் சட்டத்திலும் இல்லை. அவள்தான் கடைசியில் அகமது பாரி என்ற மீன் வியாபாரியின் துணையோடு இரவில் உடலை எடுத்துப்போய் எரிக்கிறாள். எந்தக் கிரேக்க நாடகத்தையும் தழுவாமல் கன்னடத்தில் பிறந்த ஆன்டிகனி என்று சந்திரியைச் சொல்வதில் மிகையில்லை. சென்னையில் தணிக்கைக் குழு தடை செய்த இந்தப் படம், தடை நீங்கி வெளிவந்து, அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

சந்திரியாக நடித்தவர் இயக்குநரின் மனைவி சினேகலதா ரெட்டி. சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆறு ஆண்டுகளில் அவர் மேடைக்கு வெளியே அதே கேள்வியின் முன்னால் நிறுத்தப்பட்டார்.

1976, ஏப்ரல் 28 முதல்

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட மறுநாள், 1975 ஜூன் 26 அன்று, நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காகப் பெங்களூரு வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, ஷியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் கைதாகி மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஆட்கொணர்வு மனுக்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த மனுக்களை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று கர்நாடகம் உட்பட ஒன்பது உயர் நீதிமன்றங்கள் நின்றன. அரசு உச்ச நீதிமன்றம் போனது.

1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: நெருக்கடி நிலை நீடிக்கும்வரை, தடுப்புக்காவலில் உள்ளவருக்காக யாரும் ஆட்கொணர்வு மனு போட முடியாது. போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று விசாரணையின்போது நீதிபதி எச். ஆர். கன்னா கேட்டதற்கு, இல்லை என்பதே அரசுத் தலைமை வழக்கறிஞரின் பதிலாக இருந்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் கன்னா மட்டுமே. மறு ஆண்டு ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

ஆட்கொணர்வு மனு குடும்பத்தின் ஆயுதம். சிறைக்குள் இருப்பவர் எழுத முடியாதபோது தாயும் மனைவியும் அண்ணனும் அவருக்காக நீதிமன்றக் கதவைத் தட்ட உதவுவது அது. உடலைக் கொண்டுவந்து காட்டு என்று உறவு அரசைக் கேட்கும் உரிமை அந்த ஏப்ரல் 28-இல் நின்றுபோனது. மூன்றாம் நாள், மே 1, பெங்களூரில் லாரன்ஸ் பெர்னாண்டஸைப் போலீஸ் வீட்டிலிருந்து அழைத்துப்போனது.

லாரன்ஸ் மேல் பெரிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தலைமறைவாக இருந்து நெருக்கடி நிலையை எதிர்த்த ஜார்ஜ் பெர்னாண்டஸின் தம்பி அவர். இன்னொரு சகோதரரான தொழிற்சங்கத் தலைவர் மைக்கேல் ஏற்கெனவே சிறையில் இருந்தார். அண்ணன் எங்கே என்பது ஒன்றே லாரன்ஸிடம் கேட்கப்பட்ட கேள்வி. நாள்கணக்கில் சித்திரவதை நடந்தது. நடக்க முடியாத நிலைக்கு ஆளானார். அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதே வீட்டாருக்குத் தெரிவிக்கப்படவில்லை. முதிய தாய் ஆலிஸ் பெர்னாண்டஸ், மகனுக்கு நேர்ந்த கொடுமைகளை விவரித்துக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் மூடியிருந்த நாளில் ஒரு தாய்க்கு மிஞ்சியிருந்த வழி ஒரு கடிதம். ஜார்ஜ் ஜூன் 10 அன்று கல்கத்தாவில் பிடிபட்டார்.

கிரியோனின் ஆணையோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். கிரியோன் தன் ஆணையை ஊரறியப் பறையறைந்து சொன்னான். மீறினால் என்ன தண்டனை என்பதையும் சொன்னான். லாரன்ஸுக்கு நடந்தது எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டது இல்லை. ஆன்டிகனியிடம் அரசு கேட்டது உடன்பிறந்தானுக்கு எதுவும் செய்யாமல் இருக்கும்படி. லாரன்ஸிடம் கேட்டது அண்ணனைத் தன் வாயால் பிடித்துக் கொடுக்கும்படி. சோஃபக்ளிஸ் தன் கொடுங்கோலனுக்குக் கூட இதைக் கொடுக்கவில்லை.

லாரன்ஸ் கைதான மறுநாள், மே 2 அன்று, சினேகலதா ரெட்டி கைதானார். ஜார்ஜ் பெர்னாண்டஸின் நண்பர் என்பதே காரணம். ஜார்ஜ் மேல் போடப்பட்ட பரோடா வெடிமருந்து வழக்கின் இறுதிக் குற்றப்பத்திரிகையில் சினேகலதாவின் பெயர் இல்லை. ஆனாலும் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் விசாரணை ஏதுமின்றிப் பெங்களூரு மத்தியச் சிறையில் எட்டு மாதம் வைக்கப்பட்டார். கடுமையான ஆஸ்துமா நோயாளி. இரவின் அமைதியில் அவருடைய அலறல் கேட்கும் என்று அதே சிறையில் இருந்த மது தண்டவதே பின்னாளில் எழுதினார். அந்த நிலையிலும் சினேகலதா நாட்குறிப்பு எழுதினார், சக பெண் கைதிகளின் உணவுக்கும் மரியாதைக்கும் சிறை நிர்வாகத்தோடு போராடினார். உடல் முற்றிலும் குலைந்த பிறகு 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். 18-ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. 20-ஆம் தேதி அவர் இறந்தார். குகையில் அடைத்துக் கொஞ்சம் உணவு வைத்தால் பழி நகரத்துக்கு வராது என்று கிரியோன் போட்ட கணக்கு இருபதாம் நூற்றாண்டிலும் போடப்பட்டது. அந்தச் சிறை இப்போது 'சுதந்திரப் பூங்கா'. நகரத்தில் போராட்டங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட இடமும் அதுதான்.

அண்டை மாநிலமான கேரளத்தில் இந்த மோதல் கிரேக்க நாடகத்தின் மையத்தையே, உடலைத் தேடும் உறவையே, தொட்டது. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அன்று விடுதியிலிருந்து போலீஸ் கொண்டுபோனது. கக்கயம் முகாமில் சித்திரவதையில் அவர் இறந்தார். தந்தை டி. வி. ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர், ஒரு வருடம் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். நெருக்கடி நிலை முடிந்த 1977 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். அந்த வழக்கின் விளைவாக, நெருக்கடி நிலைக் காலத்தில் உள்துறை அமைச்சராக இருந்து அப்போது முதலமைச்சராகியிருந்த கே. கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. கொள்ளி வைக்க உடல் தராத அரசிடம் வாரியர் 2006-இல் இறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் எழுதிய நினைவுநூல் மலையாளத்தில் தந்தைமை பற்றிய மிகத் துயரமான நூல்களில் ஒன்று.

சட்டம் யாரை உறவென்கிறது

1978-இல் வந்த 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. 1976-இன் தீர்ப்பு மட்டும் புத்தகத்தில் நெடுங்காலம் இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று அறிவித்து நீக்கியது. நீக்கும் தீர்ப்பை எழுதியவர் டி. ஒய். சந்திரசூட். 1976-இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவரான ஒய். வி. சந்திரசூட் அவருடைய தந்தை. ஹீமோன் தன் தந்தையிடம் வாதாடித் தோற்றான். இங்கே மகனின் சொல் நின்றது.

பிறப்பு உறவா, தாலி உறவா என்ற பழைய வழக்குக்கு இப்போது வருவோம். குற்றம் செய்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்று 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 212-ஆவது பிரிவில் சொன்னது. மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தவரை ஒளித்துவைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. அதிலேயே ஒரு விலக்கும் உண்டு: ஒளித்துவைத்தவர் கணவனாகவோ மனைவியாகவோ இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. தாலி கட்டிய உறவிடம் காட்டிக்கொடு என்று கேட்பது முறையல்ல என்பதை அந்நிய ஆட்சியின் சட்டமே ஏற்றது. கணவன் மனைவிக்குள் பேசியதை நீதிமன்றத்தில் வெளியிட வற்புறுத்தக் கூடாது என்று சாட்சியச் சட்டமும் சொல்கிறது. ஆனால் தாய் இந்த விலக்கில் இல்லை. தந்தை இல்லை. அண்ணன், தங்கை யாரும் இல்லை.

ஆன்டிகனி சாகப்போகும் நேரத்தில் சொல்லும் ஒரு வாதம் பலரைத் திகைக்க வைத்திருக்கிறது. கணவன் இறந்தால் இன்னொரு கணவன் வரலாம், பிள்ளை இறந்தால் இன்னொரு பிள்ளை பிறக்கலாம்; தாயும் தந்தையும் மறைந்த பிறகு இன்னொரு உடன்பிறந்தான் பிறக்க வழியில்லை என்கிறாள். அவனுக்காக மட்டுமே சட்டத்தை மீறினேன் என்கிறாள். அந்த வரிகள் பிற்காலத்தில் யாரோ சேர்த்ததாக இருக்கக் கூடாதா என்று கோத்தே ஏங்கினார். அவருக்கு அது குளிர்ந்த கணக்காகப் பட்டது. இந்திய வாசகருக்கு அது அவ்வளவு விந்தையாகப் படாது. சீர் கொண்டுவரும் அண்ணனும், பிறந்த வீட்டுக் கடைசிக் கயிறாக அவனைப் பற்றியிருக்கும் தங்கையும் நம் ஊரில் எல்லாத் தெருவிலும் உண்டு. ஆன்டிகனி எதை முதலில் வைத்தாளோ அதை நம் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவள் இரண்டாவதாக வைத்ததற்கு மட்டும் விலக்குத் தந்திருக்கிறது.

வேறு நாடுகள் இதைத் தாராளமாகப் பார்க்கின்றன. ஜெர்மன் குற்றவியல் சட்டம், நெருங்கிய உறவினரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற முயன்றவருக்குத் தண்டனை இல்லை என்கிறது. ஜப்பானில் உறவினரை ஒளித்துவைத்தவருக்குத் தண்டனையை விலக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய சீனத்தின் டாங் பேரரசுச் சட்டத்தொகுப்பு, ஒரே குடும்பத்தார் ஒருவரை ஒருவர் மறைப்பதைப் பெரும்பாலான வழக்குகளில் குற்றமாகவே கருதவில்லை. அரசத் துரோகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு மறுத்தது. இந்த நாடுகளில் சட்டம் ஒழுங்கு சீர்குலைந்துவிடவில்லை. குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது போலீஸின் வேலை என்பதில் அவை தெளிவாக இருக்கின்றன.

உறவுக்கு எல்லையே கூடாது என்று இதற்குப் பொருளல்ல. மகனின் கொலைக்கு உடந்தையாக நிற்கும் தந்தையையும், சாட்சிகளை மிரட்டும் அண்ணனையும் குடும்பப் பாசம் காப்பாற்றக் கூடாது. கிரியோனின் முதல் பேச்சில் இருந்த உண்மை அதுதான். சொந்தக்காரனுக்காக வளையும் சட்டத்தின் கொடுமையை இந்தியர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே பேசப்படுவது இரண்டு காரியங்கள் மட்டுமே. ஓடிவந்து வாசலில் நிற்கும் பிள்ளைக்குச் சோறு போட்டதற்காகத் தாயைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. தலைமறைவானவனைப் பிடிக்க அவன் வீட்டாரின் உடலை வதைக்கக் கூடாது.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அடைக்கலம் பற்றிய பிரிவு இப்போது 249. காலனியச் சட்டத்தை மாற்றி எழுதும் வாய்ப்பு கிடைத்தும், விலக்கு முன்போலவே வாழ்க்கைத் துணையோடு நின்றுவிட்டது. பெற்றோரையும் பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் அதில் சேர்க்க ஒரே ஒரு வாக்கியத் திருத்தம் போதும். நாடாளுமன்றம் அதைச் செய்ய வேண்டும்.